அகல வைப்பர் தண்ணீர் தள்ள மாட்டேன் என்கிறதா? முற்றத்துக் கோளாறுகளும் வழிகளும்

குமரி மாவட்டத்தில் மண் முற்றம் அரிதாகிவிட்டது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை இன்டர்லாக் கல், இல்லையென்றால் கான்கிரீட். மண் முற்றம் மழையைக் குடித்துவிடும், இது குடிக்காது. ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. அதனால் குளியலறைக்கு வைத்திருந்த ஒன்றரை அடி வைப்பர் போதாமல், இரண்டரை அடி, மூன்றடி அகலத்தில் முற்றத்துக்கென்றே ஒன்று வாங்குகிறோம். காருக்கு வழிவிடவும், வழுக்கி விழாமல் இருக்கவும், வாசலில் நிற்கிற சேற்றை உள்ளே மிதித்துக் கொண்டுவராமல் இருக்கவும் அது வேண்டித்தான் இருக்கிறது.

தக்கலைப் பக்கம் ஹார்டுவேர் கடை நடத்துகிறவன் நான். முதல் மழை பெய்த மறுவாரம் இந்த வைப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே புகார்கள்தான். "அண்ணாச்சி, மூணடி வாங்கினேன், பழைய ஒண்ணரை அடியே தேவலை." வைப்பரில் குறை இருப்பது உண்டு. ஆனால் பல நேரம் தரையில் இருக்கும், தள்ளுகிற முறையில் இருக்கும், அல்லது அந்தத் தரைக்கு அந்த அகலமே பொருந்தாது. எது என்று கண்டுபிடிக்காமல் இன்னொன்று வாங்கினால் அதுவும் இதையே செய்யும்.

முதலில் இந்த இரண்டு சோதனை

போர்டிகோவிலோ ஹாலிலோ வழவழப்பான டைல்ஸ் தரை இருக்கும். அங்கே வைப்பரை நிமிர்த்தி வைத்து லேசாக அழுத்துங்கள். இன்னொருவரைப் பின்னால் மொபைல் டார்ச்சைத் தரையோடு பிடிக்கச் சொல்லுங்கள். ரப்பருக்குக் கீழே வெளிச்சம் எங்கேயும் கசியவில்லை என்றால் ரப்பரும் அதைப் பிடித்திருக்கிற சட்டமும் நன்றாக இருக்கின்றன. கசிந்தால் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முற்றத்தில். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளுங்கள். தண்ணீர் தங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, ஓர் அடி பக்கவாட்டில் விலகி நின்று மறுபடியும் அதே இடத்தின் மேல் தள்ளுங்கள். தங்குகிற கோடு வைப்பரோடு சேர்ந்து ஓர் அடி நகர்ந்தால் கோளாறு வைப்பரில். கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் தரையில். கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலருக்கு இதிலேயே பதில் கிடைத்துவிடும், கடைக்கு வந்திருக்கவே வேண்டாம்.

தள்ளிய பிறகு கோடு கோடாகத் தண்ணீர் நிற்கிறது

கோடு வைப்பரோடு நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரப்பரின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் சரளைக் கல்லோ பெருமணலோ குத்தி ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் சரியாகிவிடும். வெட்டுப்பட்டிருந்தால் எடுத்துவிட ஒன்றுமில்லை. ரப்பர் பட்டையைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். சட்டத்தில் செருகியோ போல்ட் போட்டோ வைக்கும் பட்டைகளில் பலவற்றுக்கு இரண்டு விளிம்பும் வேலை செய்யும். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கம். இது தெரியாமல் பாதி உயிரோடு தூக்கி எறியப்படும் பட்டைகள் நிறைய.

வெட்டு எதுவும் இல்லை, ஆனால் விளிம்பு கூர்மை போய் உருண்டு கிடக்கிறது என்றால் அது வெறும் தேய்மானம். இதற்கும் திருப்பிப் போடுவதுதான் வழி. சிலர் உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கப் பார்ப்பார்கள். நேர்கோடு வராது, அலை அலையாகத்தான் வரும். செய்யாதீர்கள்.

ஓரத்தில் நன்றாகத் தள்ளுகிறது, நடுவில் தண்ணீர் அப்படியே கிடக்கிறது

அகல வைப்பருக்கென்றே உள்ள கோளாறு இது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டார்ச் சோதனையில் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சட்டம் வளைந்திருக்கிறது. பிளாஸ்டிக் சட்டம் என்றால், வெயிலில் சாய்த்து வைத்தே வளைந்திருக்கும். நிமிர்த்த முடியாது. அலுமினியம் என்றால், கார் ஏறியோ கேட்டில் இடித்தோ வளைந்திருக்கும். கொஞ்சம் வளைவு என்றால் கட்டையின் மேல் வைத்து மெல்ல நிமிர்த்தலாம்.

டார்ச் சோதனையில் தேறிய வைப்பர் முற்றத்தில் மட்டும் தோற்கிறது என்றால் தரையில் பள்ளம் இருக்கிறது. இன்டர்லாக் போட்டு இரண்டு மூன்று மழைக்காலம் ஆன வீடுகளில் கார் சக்கரம் போகும் இரண்டு தடமும் இறங்கியிருக்கும். கீழே மண்ணைச் சரியாக இடித்து இறுக்காமல் எம்சாண்டைப் பரப்பிக் கல்லைப் போட்டால் இது நடக்கும். மூன்றடி வைப்பர் அந்தப் பள்ளத்தின் இரு கரையிலும் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் ரப்பர் தரையைத் தொடாது. எவ்வளவு அழுத்தினாலும் கரைதான் அழுந்தும்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு: முற்றம் எவ்வளவு பெரிது என்று அளப்பதற்கு முன்னால் எவ்வளவு சமம் என்று பாருங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியக் குழாயைத் தரையில் நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். கார்த்தடத்தில் குறுக்காகவும் ஒரு முறை வைக்க வேண்டும். குழாய்க்குக் கீழே இரண்டு நாணயத்தை அடுக்கி வைத்தாலும் நுழைகிறது என்றால் ஒற்றை ரப்பர் போட்ட மூன்றடி வைப்பர் உங்களுக்கு வேண்டாம். அங்கே வழி இரண்டு. ஒன்று, இரண்டடி வைப்பர். அகலம் குறையக் குறையப் பள்ளத்துக்குள் இறங்கும். இன்னொன்று, இரட்டை வரிசையில் மென்மையான கருப்பு ஃபோம் ரப்பர் வைத்தது. ஃபோம் அமுங்கிப் பள்ளத்தை நிரப்பும், கல்லின் சொரசொரப்பையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் தேயும், சரளையில் பிய்யும். கான்கிரீட்டை வழவழப்பாகத் தேய்த்து விட்ட முற்றத்துக்கோ டைல்ஸ் போர்டிகோவுக்கோ கெட்டியான ஒற்றை ரப்பர்தான் சிறந்தது. அங்கே ஃபோம் ஈரத்தை விட்டுவிட்டுப் போகும்.

மீன் ஏலக் கூடத்திலோ கல்யாண மண்டப அடுக்களையிலோ பெரிய வைப்பர் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே தரை சமம், சாக்கடை பக்கத்தில், வாட்டம் ஒழுங்காக விட்டிருக்கிறது. வைப்பரின் பெருமை மட்டும் அல்ல அது.

பாதி தூரம் போனதும் தண்ணீர் இரு பக்கமும் வழிந்து பின்னால் ஓடுகிறது

இதற்குக் காரணம் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர், ஒரு கிலோ. மூன்றடி என்பது சுமார் 0.9 மீட்டர். முற்றத்தில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்றால் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் நாலரை லிட்டர் வைப்பர் முன்னால் சேரும். ஆறு மீட்டர் தள்ளினால் 27 லிட்டர். அவ்வளவையும் தாங்குகிற உயரம் வைப்பருக்குக் கிடையாது. பக்கத்தில் வழிந்துதான் தீரும். நாலு அடி வைப்பர் வாங்கினாலும் இதே கதை. சேருகிற தண்ணீர் கூடும், வழியும் இடம் அதேதான்.

வழியை மாற்றுங்கள். பெரும்பாலானவர்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து கேட் வரை ஒரே மூச்சில் தள்ளுகிறார்கள். அது தலைகீழ். தண்ணீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். கேட்டோரச் சாக்கடைக்கு முன்னால் உள்ள இரண்டு மீட்டரை முதலில் காலியாக்குங்கள். அப்புறம் அதற்குப் பின்னால் உள்ள இரண்டு மீட்டர். அப்படியே பின்வாங்கி வீட்டு வாசலில் வந்து முடியுங்கள். ஒவ்வொரு தள்ளலும் குட்டையாக இருக்கும், முன்னால் காலியான தரை இருப்பதால் தண்ணீர் தானாகவே ஓடிப் போய்ச் சேரும். நேரம் கூடுவது போலத் தோன்றும். செய்து பார்த்தால் குறையும்.

அடுத்தடுத்த தள்ளலில் நாலைந்து அங்குலம் முந்தின தடத்தின் மேல் ஏறட்டும். வைப்பரை நேர்குறுக்காகப் பிடிக்காமல் ஒரு முனை சற்று முன்னால் போகும்படி சாய்த்துப் பிடித்தால், வழிகிற தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் வழியும். எந்தப் பக்கம் என்பது உங்கள் கையில். இன்னும் துடைக்காத பக்கமாக வழிய விடுங்கள். இரு முனையும் முன்பக்கம் வளைந்த வைப்பர் என்றால் வழிவது குறையும், அதைத் தேடி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் சுவரோரத்தில் அது ஒட்டாது. சுவரோரத்துக்குப் பழைய ஒன்றரை அடியையே வைத்துக்கொள்ளுங்கள்.

நகரவே மாட்டேன் என்கிறது

முன்னால் இருப்பது தண்ணீரா சேறா? செம்மண் பூமியில் மழை ஓடி வந்து முற்றத்தில் தங்கினால் அது வெறும் தண்ணீர் அல்ல. 2021 நவம்பர் வெள்ளம் வடிந்தபோது தாழ்வான இடங்களில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் கனம் குழைந்த சேறு என்றால், மூன்றடி வைப்பருக்கு ஒரு மீட்டருக்கு ஒன்பது லிட்டர். சேறு தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். நாலு மீட்டர் தள்ளுவதற்குள் ஒரு சிமென்ட் மூட்டையை முன்னால் போட்டுத் தள்ளுவது போல ஆகிவிடும். ரப்பர் மடியும், சட்டம் வளையும், கடைசியில் கம்பு பிடியில் கழன்று வரும்.

சேற்றுக்கு வைப்பர் கடைசி ஆயுதம். முதலில் மம்பட்டியாலோ சதுர வாய்ச் சவலாலோ கனமானதை அள்ளித் தென்னை மூட்டில் போடுங்கள். வண்டல் சேறு அங்கே வீணாகாது. பிறகு வாளித் தண்ணீரை வீசி மீதியை இளக்கி, பாதி அகலத்தை மட்டும் பயன்படுத்தித் தள்ளுங்கள். அதாவது வைப்பரின் ஒரு பாதி சேற்றில், மறு பாதி துடைத்த தரையில்.

நேரம் இதில் பெரிய விஷயம். மழை விட்ட உடனே இளகிய சேறு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு வெயில் பட்டுவிட்டால் தோலாக இறுகிவிடும். அதன் மேல் வைப்பர் ஓடினால் ரப்பர்தான் தேயும். இறுகிவிட்டது என்றால் ஓஸில் நனைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்ட பிறகே தொடுங்கள். சேற்றைச் சாக்கடைக்குள் தள்ள வேண்டாம். அடுத்த மழையில் அடைத்துக்கொண்டு அதே சேறு உங்கள் வாசலுக்கே வரும்.

இலையும் அப்படித்தான். மார்கழி தை தொடங்கி ரப்பர் இலை உதிரும் பருவத்தில், குலசேகரம், அருமனைப் பக்கத்து வீடுகளில் முற்றமே தெரியாது. நனைந்த இலை ரப்பர் பட்டைக்கு அடியில் சிக்கி, அந்த இடத்தில் வைப்பரைத் தூக்கிவிடும்; பார்த்தால் வைப்பர் ரிப்பேர் மாதிரி இருக்கும். வாரியலால் இலையை ஒதுக்கிவிட்டு அப்புறம் வைப்பரை எடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு முற்றங்களில் கிடந்தது இலையும் அல்ல, மரம். அதற்கு வைப்பர் கேட்டு யாரும் வரவில்லை. கத்தியும் ரம்பமும் விற்றது.

தடதடவென்று குதிக்கிறது

தரை காய்ந்திருக்கிறது அல்லது கம்பை மிக நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள். கம்பு தரையோடு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும். காய்ந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். பட்டை புதிதாக, கெட்டியாக இருந்தால் சில நாள் இது இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

இடுப்பு பிடிக்கிறது, தோள் வலிக்கிறது

கம்பு குட்டை. கடையில் வைப்பரோடு வருகிற கம்பு பெரும்பாலும் நாலு அடி. குளியலறைக்குச் சரி, முற்றத்துக்கு இல்லை. வைப்பரை நிறுத்தி வைத்தால் கம்பின் நுனி உங்கள் தாடையைத் தொட வேண்டும். வீட்டில் உயரமானவரும் குட்டையானவரும் மாறி மாறித் தள்ளுவார்கள் என்றால் உயரமானவருக்கு ஏற்ற கம்பு போடுங்கள். நீளக் கம்பைத் தாழப் பிடித்துக்கொள்ளலாம், குட்டைக் கம்பை நீட்ட முடியாது.

கை இரண்டையும் நெருக்கிப் பிடிக்காதீர்கள். ஒரு கை நுனியில், இன்னொன்று ஒன்றரை அடி கீழே. கையால் தள்ளாமல் நடந்து தள்ளுங்கள்: கை கம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், கால்தான் தள்ளும். குனிந்து இழுப்பவர்களுக்குத்தான் இடுப்பு போகிறது. இழுக்கிற பழக்கம் குளியலறை வைப்பரிலிருந்து வந்தது. மூன்றடி வைப்பரில் இழுத்தால் தண்ணீர் உங்கள் காலுக்கே வரும், ஈரத்தில் பின்னால் நடக்கவும் வேண்டியிருக்கும். சுவரோரம் தவிர மற்ற இடத்தில் இழுக்க வேண்டாம். அறுபது தாண்டிய பெரியவர்கள் பாசி பிடித்த முற்றத்தில் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் முதலில் பாசியைப் போக்குங்கள். அதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

கம்பு சுழல்கிறது, கழன்று வருகிறது

மரையில் திருகும் கம்பு இரண்டடிக்கு மேற்பட்ட வைப்பருக்கு லாயக்கில்லை. ஒரு முனையில் கல் தட்டினாலும் அகலமான சட்டம் நெம்புகோலாகி மரையை உரித்துவிடும். உரித்த மரையில் துணி சுற்றித் திருகுவது ஒரு மழைக்குத் தாங்கும். சரியான வழி, கம்பு நுழைகிற சாக்கெட்டையும் கம்பையும் ஊடுருவி ஒரு துளை போட்டு, போல்ட்டும் கழன்று வராத நைலான் நட்டும் போட்டு இறுக்குவது. போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் சாதா இரும்பு போல்ட்டைப் போட்டால் உப்புக்காற்றில் அடுத்த ஆண்டு கழற்றவே முடியாது.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் கம்பிலிருந்து சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு தாங்கு கம்பி சாய்வாகப் போகிற மாடலைப் பாருங்கள். விலை சற்றுக் கூடும், சுழலாது. மரக் கம்பு வேண்டும் என்றால் மம்பட்டிக் கணை (பிடி) போடுகிறவரிடமே சொல்லி நல்ல காய்ந்த மரத்தில் போட்டுக்கொள்ளலாம். பச்சை மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், சாக்கெட்டில் ஆடும்.

இன்டர்லாக் இடுக்கில் மாட்டுகிறது. இடுக்கு மணலும் சேர்ந்து வருகிறது

கல் வரிசைக்கு நேராகத் தள்ளினால் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் இடுக்கில் விழும். வரிசைக்கு மூலைவாட்டில் தள்ளுங்கள். ஒரு கல் மட்டும் எம்பி நிற்கிறது என்றால் அதைக் கழற்றி அடியில் மணலைச் சுரண்டி மட்டம் பார்த்துப் போடுவது அரை மணி நேர வேலை. வைப்பரை அதன் மேல் ஏற்றி ஏற்றி ரப்பரைக் கிழிப்பதைவிட அது லாபம்.

மணல் வெளியே வருவதில் வைப்பரைவிடக் கார் கழுவும் பிரஷர் பம்புக்குப் பங்கு அதிகம். இடுக்கு காலியானால் கல் ஆடும், ஆடினால் இறங்கும், பிறகு மேலே சொன்ன பள்ளக் கோளாறு வரும். மழைக்காலம் முடிந்து தரை நன்றாகக் காய்ந்த பிறகு நைஸ் மணலைப் பரப்பி வாரியலால் இடுக்குக்குள் இறங்கும்படி தேய்த்துவிடுங்கள். ஈரத் தரையில் இதைச் செய்தால் மணல் மேலேயே அப்பிக்கொண்டு நிற்கும்.

ரப்பர் வெடிக்கிறது, அல்லது பிசுபிசுத்து ஊதுகிறது

இரண்டும் வெவ்வேறு நோய்.

குறுக்கே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் காரணம். இயற்கை ரப்பர் இதற்கு எளிதில் ஆளாகும், அதிலும் இழுபட்டோ மடங்கியோ இருக்கிற இடத்தில்தான் முதலில் வெடிக்கும். வைப்பரை ரப்பர் மேல் நிற்க வைத்துச் சுவரில் சாய்த்தால் அதன் பாரமே ரப்பரை மடக்கிக்கொண்டிருக்கும்; மொட்டை மாடியில் அப்படி ஒரு கோடை விட்டால் பட்டை முடிந்தது. நிழலில் ஆணியில் தொங்கவிடுங்கள். ரப்பர் பால் எடுக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு ரப்பரை வெயிலில் போடுகிறோம் என்று ஒரு தோட்டக்காரர் என் கடையில் சிரித்தார். ரப்பர் ஷீட்டையே நிழலிலும் புகையிலும்தானே உலர்த்துகிறார்கள்.

ஊதிப் பிசுபிசுத்தால் எண்ணெய். கார் நிற்கிற இடத்தில் சொட்டிய ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எல்லாமே இயற்கை ரப்பரை ஊதவைக்கும். ஆயில் கறை உள்ள போர்டிகோவுக்கு நைட்ரைல் ரப்பர் பட்டை கேட்டு வாங்குங்கள், அது எண்ணெயைத் தாங்கும். பழைய பட்டையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் விடுங்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

பட்டை கிடைக்காமல் சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. மெல்லியது, மடங்கிவிடும். கன்வேயர் பெல்ட் துண்டு வேறு விதம். உள்ளே துணி இருப்பதால் வளையாது, தரையோடு ஒட்டாது. சற்றுக் கனமான ரப்பர் மேட்டின் துண்டை ஸ்கேல் வைத்து ஒரே வெட்டில் அறுத்துப் போட்டால் ஒரு பருவமழைக்கு ஓடும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வெட்டு நேராக வரும்.

வெளிநாட்டுப் பனித் தள்ளியை வைத்துத் தள்ளினால் தண்ணீர் அடியில் ஓடுகிறது

கனடாவில் இருக்கும் மருமகனோ அமெரிக்காவில் இருக்கும் மகனோ வீட்டு முன்னால் பனி தள்ளுகிற வீடியோவை அனுப்புவார்கள். அவ்வளவு அகலமான வளைந்த தகடு, அவ்வளவு லேசாகப் போகிறது. உடனே அதே மாதிரி ஆன்லைனில் தேடி வாங்கிவிட்டு வருவார்கள். அங்கே அது நல்ல சாமான்தான். 24 முதல் 36 அங்குலம் வரை அகலம், முன்பக்கம் குழிந்த தகடு, பல மாடல்களில் அடியில் தேயாமலிருக்க ஓர் உலோகப் பட்டி. ஆனால் அது தள்ளுவது பனியை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். தண்ணீர் 1000 கிலோ. நம் முற்றத்தில் நிற்கிற 5 மில்லிமீட்டர் தண்ணீரும் அங்கே விழுந்த 10 சென்டிமீட்டர் லேசான பனியும் ஒரே எடைக்கு வரும். நனைந்த பனி என்றால் அவர்களும் திணறுவார்கள். அதனால்தான் பனி கனமாவதற்கு முன் இடையிடையே போய்த் தள்ளுகிறார்கள், தூக்கி வீசாமல் ஓரத்துக்கு ஒதுக்குகிறார்கள்.

பனி தகட்டுக்கு அடியில் ஓடாது, அதனால் அங்கே ரப்பர் தேவையில்லை. தண்ணீர் ஓடும். வாங்கிவிட்டீர்கள் என்றால் வீணில்லை: இளகிய சேற்றுக்கும், இலைக் குப்பைக்கும், களத்தில் காய்கிற நெல்லைக் கூட்டுவதற்கும் நன்றாக உதவும். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடையில் மழை இருட்டிக்கொண்டு வரும்போது நெல்லைக் குவிக்க மரப்பலகையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். நெல்லுக்கு என்றால் அந்த உலோகப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். இன்டர்லாக் கல்லின் மேலும் பட்டியோடு ஓட்டினால் கீறல் விழும்.

தண்ணீர் போய்விட்டது, ஆனாலும் வழுக்குகிறது

அது பாசி. எந்த வைப்பரும் பாசியை எடுக்காது. அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், வேலை நன்றாக நடப்பது போலத் தோன்றும். மழை விட்ட நாளில் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கெட்டி பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவுத் தண்ணீர் கிணற்றடிக்கும் செடி மூட்டுக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை மட்டும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம், ஒன்றைப் போட்டுக் கழுவிய கையோடு மற்றதை ஊற்றவும் வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும், மூச்சடைக்கும். இதைக் கடையில் இரண்டையும் சேர்த்துக் கேட்பவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

கழுவி முடித்ததும் வைப்பர் ரப்பரையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

எவ்வளவு தள்ளினாலும் அரை மணி நேரத்தில் திரும்ப வந்து நிற்கிறது

வைப்பரைச் சுவரில் மாட்டிவிட்டு ட்யூப் லெவலை எடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் அந்தத் தண்ணீர்க் குழாய்தான். ஒரு முனையை வீட்டு வாசலிலும் இன்னொன்றை கேட்டிலும் பிடித்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது கேட் தாழ்ந்திருக்க வேண்டும். பத்து மீட்டர் முற்றம் என்றால் பத்து சென்டிமீட்டர். பல வீடுகளில் கட்டும்போது அந்த வாட்டம் இருந்திருக்கும். பிறகு ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, ரோடு கேட்டைவிட உயர்ந்திருக்கும். இப்போது நீங்கள் மேட்டுக்குத் தண்ணீர் தள்ளுகிறீர்கள். தினமும் தள்ளலாம், தினமும் வரும்.

ரோட்டைக் குறைக்க நம்மால் முடியாது. கேட்டுக்கு உள்பக்கம், முற்றத்தின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஒரு சாலகம் (தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்கால்) வெட்டி, மேலே கம்பி வலைத் தட்டு போட்டு, அதைப் பக்கத்தில் ஒரு மழைநீர்க் குழிக்குத் திருப்பிவிடலாம். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி உங்கள் வீட்டிலும் எங்காவது இருக்கும். பெரும்பாலும் மண் மூடியிருக்கும், தோண்டித் தூர்வாரிச் சரளை மாற்றினால் வேலை செய்யும். செம்மண், சரல் பூமியில் தண்ணீர் நன்றாக இறங்கும். வயலோர வீடுகளில் மழைக்காலத்தில் குழியே நிறைந்து நிற்கும், அங்கே மேலே ஒரு வழிந்தோடும் குழாய் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலில் துளை போட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடும் யோசனை வந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கோளாறுக்கு என் கடையில் சாமான் கிடையாது.

சாலகம் வெட்டியாகிவிட்டது என்றால், தள்ள வேண்டிய தூரமும் பாதியாகும். பல வீடுகளுக்கு அதன் பிறகு இரண்டடி வைப்பரே போதும். புதிது வாங்குவதாக இருந்தால் சாலகம் முடிந்த பிறகு வாருங்கள்.